ஹஜ்ரத்தை அழைத்துவரச் சிங்கப்பூர் போனேன்

போன ரமலானில் பாதி நோன்பு கழிந்திருந்த சமயம் நான் சிங்கப்பூர் போனேன். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை எனக்குக் கிடையாது. எங்கள் மதரஸாவுக்கு ஒரு முதல்வரை அழைத்து வரச் சொல்லி ஜமாஅத் அனுப்பியது. என்னைவிடப் படித்தவர்கள் கமிட்டியில் பல பேர். ஆனால் என் மகள் அங்கே குடியிருக்கிறாள், தங்கும் செலவு மிச்சம் என்று என்னைப் பிடித்தார்கள். நான் மளிகைக் கடைக்காரன், எட்டாம் வகுப்போடு நின்றவன். யாரிடம் எந்த வேலையை வாங்குவது என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், பிள்ளைகள் தங்கி ஓதும் மதரஸா ஒன்று உண்டு. ஏழு வருஷம் ஓதி, மார்க்கம் கற்ற ஆலிமாகி வெளியே போவார்கள். அங்கே சாப்பாடு சஹனில்தான். சஹன் என்பது அகலமான தாம்பாளம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளையும் மீன்பிடிப்பவர் பிள்ளையும் ஒரே சஹனில்தான்.

பழைய முதல்வர் வயதாகி வஃபாத்தான பிறகு, வெளியூரிலிருந்து வந்த இளம் உஸ்தாத் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். ஓதினால் கேட்பவர் கண் கலங்கும். ஒழுக்கத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வாய் கண்டிப்பு. நபி புகழ்ப்பாட்டான மௌலூது ஓதுகிறவன் வழி தவறியவன், தர்காவுக்குப் போகிறவன் வீட்டில் கை நனைக்கக் கூடாது, பக்கத்துத் தோப்பு முனியசாமி வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு அனுப்பும் இளநீரை வாங்கக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் பக்கம் போனார்கள். மீதிப் பாதி அவர்களை முறைத்தது.

ஒரு நாள் மதரஸாவில் சமைக்கும் பண்டாரி என் கடைக்கு வந்து, "மாமா, இன்னும் நாலஞ்சு சஹன் வாங்கிக் குடுங்க" என்றார்.

"பிள்ளைங்க கூடிட்டாங்களா?"

"கூடல. ஒருத்தன் கை வச்ச சோத்தை இன்னொருத்தன் தொட மாட்டேங்குறான். நாலு பேர் சஹன்ல ரெண்டு ரெண்டு பேரா உட்கார்றானுங்க. எனக்குச் சஹன் பத்தல."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கமிட்டி கூடியது. உஸ்தாதை நீக்கு என்று ஒரு பக்கம். நீக்கினால் எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தனி மதரஸா வைப்போம் என்று இன்னொரு பக்கம். ரமலான் விடுமுறை முடிந்து அடுத்த மாதம் ஷவ்வாலில் திறப்பதற்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் மதரஸா இரண்டாகப் போகும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டது ஒரே ஒரு பெயரைத்தான். முன்பு எங்களிடம் ஓதிக்கொடுத்து, இப்போது சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பள்ளிவாசலில் இமாமாக இருக்கும் ஹஜ்ரத். அவர்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் உஸ்தாத் பெட்டியைக் கட்டிவிடுவார், ஊர் அமைதியாகிவிடும் என்பது என் கணக்கு.

மகள் மெஹர் வீடு புக்கிட் பாஞ்சாங்கில், பன்னிரண்டாவது மாடி. ஜன்னல் வழியே பார்த்தால் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன, நடுவில் காடு மாதிரி மரங்கள். இத்தனை குடும்பங்கள் ஒன்றன் தலைமேல் ஒன்றாக இருந்தும் சத்தமே இல்லை. எங்கள் தெருவில் நாலு வீட்டுச் சத்தம் இதைவிட அதிகம்.

முதல் நாள் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பள்ளிவாசல் பாங்குச் சத்தம் வெளியே கேட்காதாம். மருமகன் சாதிக்கின் கைப்பேசி பாங்கு சொன்னது. கைப்பேசியை நம்பி நோன்பு திறப்பது எனக்கு என்னவோ போல இருந்தது. அப்போது எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண் ஒரு கிண்ணத்தில் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த வீட்டுச் சீனக் கிழவர் எங்கள் கதவைக் கடக்கும்போது தன் வானொலிச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போனார்.

"அவருக்கு எப்படித் தெரியும், நாம நோன்பு திறக்கிறோம்னு?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு வருஷமா பக்கத்து வீடு மாமா. நமக்குத் தெரியுறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரியும்" என்றார் சாதிக்.

மறுநாள் தனியாகவே ஹஜ்ரத்தைப் பார்க்கக் கிளம்பினேன். ரயிலில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கச் சொல்லியிருந்தார் மருமகன். அந்த ரயிலை ஓட்ட ஆளே இல்லை. முன்பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுரங்கம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் இருந்த சீனப் பெண் எனக்கு மயக்கம் வருகிறதென்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தாள்.

உட்கார்ந்ததுதான் வினையானது. வரைபடத்தை எழுத்துக் கூட்டிப் படித்தபோது சிராங்கூன் என்று ஒரு நிலையம் தெரிந்தது. எங்கள் ஊரில் சிங்கப்பூர் போய்வந்த எல்லோரும் சொல்வது சிராங்கூன்தான். கடை சிராங்கூனில், அறை சிராங்கூனில், பள்ளிவாசல் சிராங்கூனில். மருமகன் அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று முடிவுகட்டி, ரயில் மாறி அங்கே போய் இறங்கினேன். மேலே வந்தால் பெரிய அங்காடி. பூக்கடையும் இல்லை, ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. சுற்றிச் சுற்றி ஒரே காலணிக் கடைக்கு முன்னால் வந்து நின்றேன்.

நெற்றியில் விபூதியும் கையில் துணிப்பையுமாக ஒரு அம்மாள் வந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இது சிராங்கூன், பாய். நீங்க தேடுறது சிராங்கூன் ரோடு லா. அது வேற இடம்" என்று சிரித்தார். "வேர்த்துப் போயிருக்கீங்களே, தண்ணி குடிக்கிறீங்களா? ஐயோ, நோன்பு. மறந்துட்டேன். எந்தப் பள்ளிவாசல்?"

பெயரைச் சொன்னேன்.

"அங்கதான் நானும் போறேன். நோன்புக் கஞ்சி வாங்க" என்று துணிப்பையைத் திறந்து டப்பாவைக் காட்டினார். "எங்க வீட்டுக்காரருக்கு இந்த மாசம் வந்தா அந்தக் கஞ்சி இருக்கணும். நான் வச்சா, பள்ளிவாசல் கஞ்சி மாதிரி இல்லன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு."

கமலா என்பது அவர் பெயர். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். லிட்டில் இந்தியாவில் இறங்கியதும் முகத்தில் மல்லிகை அடித்தது. முருங்கைக்காய், வாழை இலை, நகைக்கடை, தோசை மணம். நம் ஊர்ச் சந்தைதான், ஆனால் காலில் சேறு ஒட்டவில்லை. கோயில் வாசலில் செருப்பை விட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து, "வாங்க, வரிசை நீண்டுடும்" என்று என்னைப் பள்ளிவாசலுக்கு இழுத்துப் போனார். எங்கள் பள்ளிவாசலுக்கு என்னை ஒரு இந்து அம்மாள் வழிகாட்டிக் கூட்டிப் போனதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

வரிசை சந்து முனைவரை நின்றது. சீனர், மலாய்க்காரர், கட்டட வேலைக்கு வந்த வங்காளத் தம்பிகள், நம்மவர்கள். அண்டாக்களில் கஞ்சி கொதித்தது. வெந்தயம், இஞ்சி, கொத்துக்கறி, மேலே தேங்காய்ப்பால். யார் நீ, எந்த மார்க்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. டப்பாவின் மூடி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

ஹஜ்ரத் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். தாடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "சேகு, கறுத்துட்டீங்களே, கடையில நிழல் இல்லையா?" என்று கட்டிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் பெயர் மறக்கவில்லை.

பாங்கு சொல்ல வேண்டிய நேரம் நெருங்கியது. உள்ளே தாம்பாளங்கள் வந்தன. மலாய்க்காரர்களும் எங்களைப் போலவே ஒரே தட்டைச் சுற்றி உட்கார்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஹஜ்ரத் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தூணோரம் நின்ற ஒரு முதியவரைக் கைகாட்டி அழைத்தார்கள். "வாங்க இஸ்மாயில் காக்கா, உங்க இடம் காலியா இருக்கு."

வந்து உட்கார்ந்தவர் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்து முதல் வார்த்தையாக, "ஊர்லருந்து வந்திருக்கீங்களா தம்பி? உங்க ஹஜ்ரத் சொல்றதுல பாதி எனக்கு ஒத்து வராது, தெரிஞ்சுக்குங்க" என்றார்.

"கறி மட்டும் ஒத்து வருது" என்றார்கள் ஹஜ்ரத்.

"கறி ஹலால். மௌலூதுக்கு எனக்கு ஆதாரம் காட்டுங்க."

"காட்டினேனே, போன வருஷம்."

"அது பத்தாது."

இருவரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். பாங்கு வந்ததும் துஆ ஓதி வாயில் போட்டார்கள். பிறகு ஹஜ்ரத் தொழ வைத்தார்கள், இஸ்மாயில் காக்கா அவர்களுக்குப் பின்னால் முதல் வரிசையில் நின்றார்.

தொழுகைக்குப் பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். ஹஜ்ரத் முழுதும் கேட்டுவிட்டு, "அந்த உஸ்தாத் எங்க சாப்பிடுறாரு?" என்று கேட்டார்கள்.

நான் எதிர்பார்க்காத கேள்வி. "அவர் அறையில, ஹஜ்ரத். தட்டு போயிடும்."

"கமிட்டி ஆளுங்க வந்தா?"

"ஆபீஸ் அறையில. தனித்தனித் தட்டு."

"அப்ப பிள்ளைங்க உங்ககிட்டதான் கத்துக்கிட்டானுங்க" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. "நாளைக்கு என்னோட ஒரு இடத்துக்கு வாங்க. அப்புறம் பேசலாம்."

மூன்றாம் நாள் செம்பவாங் போனோம். அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில் காலியாக விட்டிருந்த தரையில் விரிப்பு போட்டு நோன்பு திறக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். பழுப்பு அங்கியில் ஒரு புத்த பிக்கு, தலைப்பாகையோடு ஒரு சீக்கியப் பெரியவர், ஒரு பாதிரியார், கோயில் குருக்கள் ஒருவர் எல்லோரும் பாங்குக்காகக் காத்திருந்தார்கள். நோன்பு இல்லாதவர்களும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தது என் மனதைத் தொட்டது.

ஹஜ்ரத் நேரே சமையல் பக்கம் போனார்கள். பிக்குவுக்கும் குருக்களுக்கும் கறியில்லாத கஞ்சி தனி அண்டாவில் இருந்தது. "இந்தக் கரண்டி அதுல விழுந்துடக் கூடாது தம்பி. விழுந்தா அவங்க சொல்லாம பசியோட போயிடுவாங்க" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டு, பாங்கு வரைக்கும் அந்த அண்டாவை விட்டு நகரவில்லை. ஐந்து வேளை தொழ வைக்கிற ஒரு ஆலிம், அடுத்தவர் விரதத்துக்குக் காவல் நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

திரும்பி வரும் பேருந்தில் மாடியில் உட்கார்ந்தோம். நான் கேட்டேன். "இவ்வளவு கலந்து பழகினா நம்பிக்கை ஆடிப்போகாதா, ஈமான் தளராதான்னு எங்க உஸ்தாத் கேட்பாரு, ஹஜ்ரத்."

"நல்ல கேள்வி. கேட்கட்டும். என் ஈமான் தளர்ந்தது அடுத்தவரோட சாப்பிட்டப்போ இல்ல சேகு. விடியக்காலை பஜ்ருக்குச் சோம்பல் பட்டப்போதான்." ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார்கள். "இந்த நாட்டுல தாடி வச்சவனெல்லாம் உட்கார்ந்து மார்க்கம் நடத்திட முடியாது. அனுமதி வாங்கணும். இத்தனை வயசுல நானும் சின்னப் பசங்களோட வகுப்புல உட்கார்ந்தேன். முதல்ல கோபம் வந்துச்சு. எனக்கா பாடம்னு. அப்புறம் தோணிச்சு, பிள்ளைங்க மனசைத் தொடுற வேலை, நாலு பேர் கேள்வி கேட்கட்டுமேன்னு."

பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார்கள். பேருந்து குலுங்காமல் போய்க்கொண்டிருந்தது, எனக்குத்தான் குலுங்கியது.

"நான் வர்றேன். ஆனா அந்த உஸ்தாத் இருக்கணும். அவரே என்னைக் கூப்பிடணும்."

"ஹஜ்ரத், அவரை அனுப்பத்தான்..."

"தெரியும். நான் வந்து அவரை அனுப்பினா பிள்ளைங்க என்ன ஓதுவானுங்க? பலம் உள்ளவன் பலம் இல்லாதவனை வெளியே தள்ளலாம்னு ஓதுவானுங்க. அதுக்கு ஏழு வருஷம் எதுக்கு? ஒரு நாள் போதும்." விரலை மடக்கினார்கள். "அவர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க. கருத்து வேற்றுமையை என்கிட்ட பேசட்டும், பெரிய பிள்ளைங்க வகுப்புல எனக்கு எதிரேயே பேசட்டும். சின்னப் பிள்ளைங்க முன்னாடி யாரையும் வழி தவறினவன்னு சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன், அவரையும் சேர்த்துத்தான்."

மறுநாள் காலை முழுக்கக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கமிட்டிக்கு என்ன பதில் சொல்வேன்? உஸ்தாத் மறுத்துவிட்டால் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டும், மதரஸா உடையும். மெஹர்தான், "வாப்பா, பேசாமலே இருந்தா மட்டும் சேர்ந்துடுமா?" என்றாள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு உஸ்தாதை அழைத்தேன்.

உஸ்தாத் எடுத்ததும், "என்னை வெளியே அனுப்ப ஆள் கிடைச்சாச்சா, சேகு பாய்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. நோன்பு வேறு. "அதுக்குத்தான் வந்தேன், உஸ்தாத். ஆனா நீங்க இருந்தாத்தான் வருவேங்குறாங்க. அதுவும் நீங்க கூப்பிட்டாத்தான்."

நான் ஹஜ்ரத் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"எனக்குச் சரின்னு படாததை நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

"சொல்ல வேண்டாமாம்."

"அவங்க எதிர்லயே மறுத்துப் பேசுவேன்."

"அதைத்தான் அவங்க கேட்குறாங்க."

பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "அவங்க நம்பரைக் குடுங்க. இதையெல்லாம் பெரியவங்ககிட்ட ஆள் விட்டுச் சொல்லக் கூடாது" என்றார். அங்கேயே தரையில் நெற்றி வைத்து ஸஜ்தாவில் விழுந்தேன். மெஹர் பயந்து ஓடிவந்தாள்.

அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போனபோது ஹஜ்ரத், "ஒரு மணி நேரம் சண்டை. நல்லா ஓதியிருக்காரு பிள்ளை. ரெண்டு இடத்துல எனக்கே கிதாபைப் புரட்ட வேண்டியதாப் போச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். பெருநாள் முடிந்து வருவதாகப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் சொல்லிவிட்டார்கள்.

இஸ்மாயில் காக்காவுக்குச் செய்தி எட்டியிருந்தது. அன்றைக்குத் தாம்பாளத்துக்கு வரவில்லை. தூணில் சாய்ந்து தனியாகப் பேரீச்சம்பழம் தின்றார். தொழுகை முடிந்து நான் செருப்பைத் தேடும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"கொண்டு போறீங்க, இல்ல?"

"அல்லாஹ் நாடினால், காக்கா."

"நான் இனிமே யாரோட சண்டை போடுறது? புதுசா வர்றவரு எல்லாத்துக்கும் தலையாட்டினாருன்னா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க ஊர் உஸ்தாத் தம்பிகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. சீக்கிரத்துல விட்டுக் குடுக்க வேண்டாம்னு. எதிர்த்துப் பேச ஆள் இல்லாட்டி உங்க ஹஜ்ரத்துக்கு வயசாயிடும்."

ஊர் திரும்பியதும் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் உஸ்தாதின் அறைக்குப் போனேன். அந்த அறைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் இருந்த கிதாபுகளைக் கட்டிலுக்கு மாற்றி எனக்கு இடம் கொடுத்தார். இஸ்மாயில் காக்கா சொன்னதைச் சொன்னேன்.

"அவர் எந்தெந்த விஷயத்துல ஹஜ்ரத்தோட மாறுபடுறாராம்?"

"ஏறக்குறைய நீங்க மாறுபடுற எல்லாத்துலயும்."

"அப்படியும் ஒரே சஹன்லயா?"

"தினமும்."

தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு, ஒரு சட்டத்தை விசாரிக்கிற மாதிரியே கேட்டார். "நல்ல கறித்துண்டை யாரு எடுப்பாங்க?"

"ஹஜ்ரத் அவர் பக்கம் தள்ளுவாங்க. அவர் திருப்பி இவங்க பக்கம் தள்ளுவாரு. ரெண்டு பேரும் விட மாட்டாங்க. துண்டு நடுவுலயே கிடந்து ஆறிப் போகும்."

"கடைசியில?"

"நான்தான் எடுத்துத் தின்னேன்" என்றேன்.

உஸ்தாத் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.